மூன்று பேர் வரும் வகுப்புக்கு என்ன விலை?

வாசகர் கேள்வி

வணக்கம் ஐயா. பினாங்கு கிரீன் லேன் பக்கம், ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் ஒன்றரை ஆண்டாகப் பிலாட்டீஸ் உடற்பயிற்சி நிலையம் நடத்தி வருகிறேன். ரிஃபார்மர் என்னும், சுருள்வில்லும் கயிறும் பூட்டிய நகரும் படுக்கைக் கருவிகள் ஐந்து இருக்கின்றன. வங்கி வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் வாங்கியவை. ஒரு வகுப்புக்கு 45 ரிங்கிட், பத்து வகுப்புத் தொகுப்புக்கு 380, கருவியில்லாமல் தரை விரிப்பில் செய்யும் விரிப்பு வகுப்புக்கு 25, ஒருவருக்கு மட்டும் எடுக்கும் தனி வகுப்புக்கு 120 வாங்குகிறேன். மாதம் 80 ரிஃபார்மர் வகுப்புகள் நடக்கின்றன. மாலையில் ஐந்து இடமும் நிரம்பிவிடும். பகலில் ஒருவரோ இருவரோதான். சராசரி மூன்று பேர். செலவெல்லாம் போக மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரிங்கிட் சொச்சம் மிஞ்சுகிறது. இப்போது இரண்டு கிலோமீட்டர் தொலைவில், பன்னிரண்டு கருவிகளோடு ஒரு நிலையம் திறந்து, வகுப்பு 35 ரிங்கிட் என்று விளம்பரம் செய்கிறார்கள். என் வாடிக்கையாளர்கள் சிலர் அந்த விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்புகிறார்கள். சொந்தக்காரர்களும் கோயிலில் பழகியவர்களும் "பத்து வெள்ளி குறைத்துக்கொள்ளம்மா" என்கிறார்கள். மாதம் 299 ரிங்கிட் வாங்கிக்கொண்டு எத்தனை முறை வேண்டுமானாலும் வரவிடு என்கிறாள் தோழி ஒருத்தி. நம் பெண்கள் பலருக்கு இந்தப் பயிற்சி தேவைப்படுகிறது, விலைதான் அவர்களைத் தடுக்கிறதோ என்ற வருத்தமும் எனக்கு உண்டு. நானும் 35-க்கு இறங்கிவிடட்டுமா? மூன்று மாத வரவுசெலவை இணைத்திருக்கிறேன்.

— பினாங்கு வாசகி

ஆலோசகர் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இறங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்த பிறகு இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். விலையைக் குறைத்தால் நீங்கள் மூடவேண்டி வரும் நாள் சீக்கிரம் வரும். ஏற்றினால் சிலர் போவார்கள். ஆனால் நிலையம் நிற்கும். எவ்வளவு ஏற்றுவது, எப்படிச் சொல்வது என்பதற்கு வருவதற்கு முன், உங்கள் கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத இரண்டு செலவுகளைப் பற்றிப் பேசவேண்டும்.

நீங்கள் எழுதியிருப்பவை இவை. வாடகை 3,800. மின்சாரம், தண்ணீர், இணையம், துப்புரவு எல்லாம் சேர்த்து 1,100. மாதம் 32 வகுப்புகள் எடுக்கும் உதவி ஆசிரியைக்கு வகுப்புக்கு 70 வீதம் 2,240. முன்பதிவுச் செயலிக்கும் வங்கிக் கட்டணத்துக்கும் 400. உரிமம், காப்புறுதி, கணக்காளர் 350. சுருள்வில், கயிறு, மெத்தையுறை மாற்ற 200. ஆக 8,090 ரிங்கிட். வரவு 10,320. மிச்சம் 2,230. கூட்டலில் பிழை இல்லை.

விடுபட்ட முதல் செலவு, கருவிகளின் தேய்மானம். ஒரு ரிஃபார்மர் 14,000 என்று ஐந்துக்கு 70,000 ரிங்கிட் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணம் ஏற்கெனவே போய்விட்டதால் அது செலவில்லை என்று தோன்றும். ஆனால் நம் பினாங்குக் காற்றின் ஈரத்தில், ஒரு நாளில் நான்கு வகுப்புக்கு முன்னும் பின்னும் ஓடும் சக்கரங்களும் தண்டவாளமும் என்றைக்கும் புதிதாக இருக்கப்போவதில்லை. ஏழு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் 830 ரிங்கிட் அதற்கென்று எடுத்துவைக்கவேண்டும். எடுத்துவைக்காவிட்டால், ஏழாம் ஆண்டில் கடன் வாங்கித்தான் புதுக் கருவி வாங்குவீர்கள்.

அதைக் கழித்தால் உங்கள் கையில் நிற்பது 1,400 ரிங்கிட். விடுபட்ட இரண்டாவது செலவு இங்கேதான் தெரிகிறது: உங்கள் சம்பளம். 2025 ஆகஸ்ட் 1 முதல், எவ்வளவு சிறிய முதலாளியாக இருந்தாலும் ஊழியருக்குக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். உதவி ஆசிரியை எடுப்பவை போக, விரிப்பும் தனி வகுப்பும் சேர்த்து மாதம் 66 வகுப்புகளை நீங்களே எடுக்கிறீர்கள். காலையில் கதவைத் திறப்பதும், வகுப்புக்கு வகுப்பு மெத்தைகளைத் துடைப்பதும், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவதும் நீங்கள்தான். இத்தனைக்கும் சேர்த்து, சட்டம் ஒரு கடைநிலை ஊழியருக்கு உறுதி செய்திருக்கும் தொகைகூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. கணக்கைப் பார்த்தபோது என்னை வருத்தியது இதுதான். ஒன்றரை ஆண்டாக உங்கள் வாடிக்கையாளர்களின் பயிற்சிக் கட்டணத்தில் ஒரு பகுதியை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலையாக உங்கள் சம்பளத்தைச் செலவுப் பட்டியலில் எழுதுங்கள். 4,500 என்று தொடங்கலாம். வங்கியில் இருந்தவரை உங்கள் சேமநிதிக் கணக்கில் முதலாளி தன் பங்கைச் செலுத்திவந்தார். அது நின்றுவிட்டது. சுயதொழில் செய்பவர் விருப்பப்படி சேமநிதியில் பணம் செலுத்த வழி இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவிலும் சுயதொழில் செய்வோருக்கான பாதுகாப்புத் திட்டம் உண்டு. இரண்டையும் இந்த 4,500-க்குள்ளிருந்து செலுத்துங்கள். முழங்காலோ தோளோ ஒரு மாதம் ஒத்துழைக்காவிட்டால் உங்கள் தொழிலே நின்றுவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போது மொத்தச் செலவு 8,090 உடன் 830, 4,500 சேர்ந்து 13,420. விரிப்பு வகுப்பில் 960-உம் தனி வகுப்பில் 720-உம் வருகின்றன. மீதி 11,740 ரிங்கிட்டை ரிஃபார்மர் வகுப்புகள்தான் ஈட்டித் தரவேண்டும்.

இதை எதனால் வகுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். 80 வகுப்பு, ஐந்து இடம், ஆக மாதம் 400 இடங்கள். 11,740-ஐ 400-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 29 ரிங்கிட் வருகிறது. அதைப் பார்த்ததும் 35 என்பது நியாயமான விலையாகத் தோன்றிவிடும். ஆனால் உங்களிடம் 400 பேர் வரவில்லை. சராசரி மூன்று பேர் என்றால் 240 இடங்கள். அந்த 240-ஆல் வகுத்தால் ஓர் இடத்துக்கு 49 ரிங்கிட். நீங்கள் 45 என்று எழுதிப்போட்டாலும், தொகுப்புத் தள்ளுபடி, இலவச அறிமுக வகுப்பு, தெரிந்தவர்களுக்குக் குறைத்தது எல்லாம் போக உண்மையில் கைக்கு வருவது 36 தான். உங்கள் வரவை 240-ஆல் வகுத்துப் பாருங்கள். வரவேண்டிய 49-க்கும் வருகிற 36-க்கும் இடையில் உள்ள 13 ரிங்கிட் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது.

காலியான இடத்துக்கு ஒரு குணம் உண்டு. நாசி கண்டார் கடையில் மதியம் மிஞ்சிய குழம்பைச் சூடாக்கி மாலையில் விற்றுவிடலாம். ஏழு மணி வகுப்பில் காலியாகக் கிடந்த ரிஃபார்மரை எட்டு மணிக்கு விற்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் போயே போய்விட்டது. எனவே நிரம்பும் என்று நம்புகிற எண்ணிக்கையை வைத்து விலை போடவே கூடாது. உண்மையில் வருகிறவர்கள் வராதவர்களின் இடத்தையும் சேர்த்துத்தான் தாங்குகிறார்கள்.

35-க்கு இறங்கினால் என்ன ஆகும் என்று இப்போது பார்ப்போம். தொகுப்பும் சலுகையும் போகச் சராசரியாக 30 ரிங்கிட் நிற்கும். 11,740 வேண்டுமானால் 391 இடங்கள் விற்கவேண்டும். இருப்பதே 400. அதாவது மாதம் முழுக்க, மழையிலும் விடுமுறையிலும், மதியம் இரண்டு மணி வகுப்பு உட்பட எல்லா வகுப்பும் ஏறக்குறைய நிரம்பியே இருக்கவேண்டும். நோன்பு மாதத்து மாலைகளும் சீனப் பெருநாள் வாரமும் தீபாவளிக்கு முந்தைய பலகார நாட்களும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பன்னிரண்டு கருவிக்காரர்களுக்கு 35 எப்படிக் கட்டுகிறது? ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 70 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் நிரம்பிய வகுப்பில் ஒருவர் தலையில் விழும் ஆசிரியர் செலவு 6 ரிங்கிட்டுக்கும் குறைவு. உங்கள் வகுப்பில் மூன்று பேர் வந்தால் அதுவே 23 ரிங்கிட். 35 வீதம் மூன்று பேரிடம் 105 வாங்கி, 70-ஐ ஆசிரியைக்குக் கொடுத்தால், வாடகைக்கும் குளிர்சாதனத்துக்கும் மிஞ்சுவது 35. அவர்கள் தொழிலும் உங்கள் தொழிலும் பெயரளவில் ஒன்று, கணக்கில் வேறு. அதிலும் திறப்பு விழாக் கால விலை எத்தனை மாதம் நீடிக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஜெர்மனியில் 1883-இல் பிறந்து, 1920-களில் நியூயார்க்குக்குக் குடியேறி, மனைவி கிளாராவோடு சேர்ந்து பயிற்சிக்கூடம் நடத்திய ஜோசப் பிலாட்டீஸ் தன் முறையைக் 'கன்ட்ராலஜி' என்றுதான் அழைத்தார். அவருடைய பெயரே பயிற்சியின் பெயராகப் பின்னால் நிலைத்தது. அந்தப் பெயர் தங்களுக்கு மட்டுமே உரியது என்று சிலர் கொண்டாடியபோது, அது பொதுப்பெயர், யாரும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அதனால் உங்கள் அடுத்த தெருவில் யார் வேண்டுமானாலும் அதே பலகையை மாட்டலாம். பலகைக்காக யாரும் உங்களிடம் கூடுதலாகக் கொடுக்கப்போவதில்லை. கொடுப்பது வேறொன்றுக்கு. ஒருவர் படுத்ததும் அவர் உயரத்துக்கு ஏற்பக் கால்தண்டை நகர்த்துகிறீர்கள். நேற்று முதுகு பிடித்தது என்று அவர் சொன்னதை நினைவில் வைத்துக் கனமான சுருள்வில் ஒன்றைக் கழற்றிவிட்டு இலேசானதை மாட்டுகிறீர்கள். மூச்சை அடக்கிக்கொண்டு இழுப்பவரை, நகரும் படுக்கை பாதி தூரம் போவதற்குள் நிறுத்துகிறீர்கள். ஐந்து பேர் இருக்கும் அறையில் இது ஒவ்வொருவருக்கும் கிடைக்கிறது. பன்னிரண்டு பேர் இருந்தால் எவ்வளவு நல்ல ஆசிரியரானாலும் கண் எட்டாத மூலை ஒன்று இருக்கும். உங்கள் விளம்பரத்தில் 'ஒரு வகுப்பில் ஐந்து பேர் மட்டும்' என்று எங்கும் இல்லை என்பதைக் கவனித்தேன். முதல் வரியாக அதைப் போடுங்கள். அதே சமயம், தண்டுவட வட்டு விலகலைக் குணப்படுத்துகிறோம், மூட்டுவலி தீர்க்கிறோம் என்றெல்லாம் எழுதி விலைக்கு நியாயம் தேடவேண்டாம். சிகிச்சை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் 1956 முதலே இருக்கிறது. வலியோடு வருபவரை முதலில் மருத்துவரையோ பிசியோதெரபி நிபுணரையோ பார்த்துவரச் சொல்வதே உங்கள் மீது நம்பிக்கையை வளர்க்கும்.

இனி, செய்யவேண்டியவை.

முதலில் வகுப்பு அட்டவணையைச் சுருக்குங்கள். உங்கள் வருகைப் பதிவேட்டில், மதியம் இரண்டு, மூன்று மணி வகுப்புகள் மாதத்தில் 12 வருகின்றன. பெரும்பாலும் ஒருவர்தான் வருகிறார். அவர் கொடுக்கும் 36 ரிங்கிட்டுக்கு நீங்கள் 70 ரிங்கிட் ஆசிரியைக்குக் கொடுக்கிறீர்கள், குளிர்சாதனச் செலவு தனி. அந்த 12 வகுப்புகளை எடுத்துவிட்டால் மாதம் 840 மிச்சம். ஆனால் அந்த 840 உங்கள் உதவி ஆசிரியையின் வருமானம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதம் முன்பே அவரிடம் நேரில் சொல்லுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் விரிப்பு வகுப்பை அவருக்கே கொடுங்கள்.

விலைக்கு என் யோசனை: தொகுப்பு வாங்காமல் வருபவருக்கு ஒரு வகுப்பு 55 ரிங்கிட். பத்து வகுப்புத் தொகுப்பு 460, மூன்று மாதம் செல்லும். மாதம் எட்டு வகுப்பு என்று பதிந்துகொள்பவருக்கு 350. காலை பத்து, பதினொரு மணி வகுப்புகளுக்கு மட்டும் பத்து வகுப்பு 400. இவ்வளவுதான். விலைப் பட்டியல் ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கவேண்டும். 54.90, 459.90 என்று எழுதவேண்டாம். உடம்பை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் முழு எண்ணே மரியாதையாக இருக்கும் என்பது என் கருத்து.

காலை வகுப்பின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த நேரம் காலியாக இருப்பது. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருபவர்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து வருபவர்கள் யாராயினும் அதே விலை. "எனக்குக் குறைத்துக்கொள்" என்று கேட்பவருக்கும் இனி உங்களிடம் நேர்மையான பதில் இருக்கிறது: காலையில் வாருங்கள்.

இப்படி வைத்தால் சராசரியாக ஓர் இடத்துக்கு 44 ரிங்கிட் கைக்கு வரும் என்று கணிக்கிறேன். வகுப்புகள் 68 ஆகக் குறைந்த பிறகு உங்களுக்கு வேண்டியது 10,900; அதற்கு 248 இடங்கள் விற்றால் போதும். இப்போதே 240 விற்கிறீர்கள். வகுப்புக்கு மூன்று பேர் என்பது மூன்றரைக்குச் சற்று மேல் ஆகவேண்டும், அவ்வளவே.

"விலையைக் கேட்டுப் போய்விட்டால்?" என்ற பயம் உங்கள் கடிதத்தின் வரிக்கு வரி தெரிகிறது. அதற்கும் கணக்கு இருக்கிறது. இன்றைய ரிஃபார்மர் வரவு 8,640. அதில் 840 செலவு குறைந்துவிட்டதால் 7,800 வந்தாலே நீங்கள் இன்றைய நிலையில் இருப்பீர்கள். 44 வீதம் அதற்கு 178 இடங்கள். அதாவது 62 இடங்கள், இன்று வருவதில் கால்வாசி, ஒரேயடியாக நின்றுபோனாலும் இன்றைக்கு இருப்பதைவிட உங்கள் நிலை மோசமாகாது. குறைந்த உழைப்பில் அதே பணம் வரும். கால்வாசிப் பேர் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. விளம்பரத்தை உங்களுக்கு அனுப்பியவர்கள்கூட உங்களிடம்தான் இருக்கிறார்கள், கவனித்தீர்களா?

தனி வகுப்பை 150 ஆக்குங்கள். இருவர் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 90. ஆனால் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை தனி வகுப்பு வேண்டாம். ஐந்து பேர் நிரம்பும் நேரத்தில் ஒருவருக்கு அறையைக் கொடுத்தால் 220 வரவேண்டிய இடத்தில் 150 வருகிறது. பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்து வருபவர் போன்றோருக்கு வேறு நேரமே முடியாது என்றால், மாலை விலை தனி என்று சொல்லிவிடலாம்.

தோழி சொல்லும் 299 யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய பெரிய உடற்பயிற்சி நிலையத்துக்கு அது பொருந்தும். பணம் கட்டிவிட்டு வராதவர்களால்தான் அந்தக் கணக்கு அங்கே ஓடுகிறது. உங்களிடம் இருப்பது ஐந்து இடம். வாரம் நான்கு முறை வருபவர் மாதம் 16 வகுப்பு வந்தால், வகுப்புக்கு 19 ரிங்கிட்டுக்கும் குறைவு. அப்படி ஒரு பதினைந்து பேர் மாலை வகுப்புகளை நிரப்பிவிட்டால் 55 கொடுக்கத் தயாராக வருபவருக்கு இடம் இருக்காது.

இலவச அறிமுக வகுப்பையும் நிறுத்திவிட்டு, புதியவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் மூன்று வகுப்பு 99 ரிங்கிட் என்று வைக்கலாம். ரிஃபார்மரில் முதல் வகுப்பில் யாருக்கும் ஒன்றும் புரிவதில்லை. கயிறு எது, தண்டு எது என்பதிலேயே நேரம் போய்விடும். மூன்றாவது வகுப்பில்தான் உடம்புக்குப் பிடிபடும். அதன் பிறகு அவர் எடுக்கும் முடிவே உண்மையான முடிவு.

தொகுப்புப் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் நல்லவர்கள் விழுவது இங்கேதான். உங்கள் கணக்கில் ஒரு மாதம் மட்டும் வரவு திடீரென உயர்ந்திருக்கிறது. அந்த மாதம் இருபது பேர் தொகுப்பு வாங்கியிருக்கிறார்கள், 7,600 ரிங்கிட். அதில்தான் புது விளக்கும் கண்ணாடியும் வாங்கினீர்கள். அந்த 7,600 வருமானமாக ஆகவில்லை. நீங்கள் இன்னும் எடுக்காத 200 இடங்களுக்கான கடன் அது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது உடற்பயிற்சி நிலையங்கள் எல்லாம் ஒரே நாளில் கதவை மூடின. தொகுப்புப் பணத்தைச் செலவழித்துவிட்டிருந்தவர்கள் வாடிக்கையாளர்களுக்கு முகம் கொடுக்க முடியாமல் தவித்தார்கள். இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, தொகுப்புப் பணம் முழுவதையும் அதில் போடுங்கள். மாதக் கடைசியில், எத்தனை வகுப்பு நடந்து முடிந்ததோ அத்தனைக்கான தொகையை மட்டும் முதல் கணக்குக்கு மாற்றுங்கள். ஆண்டுத் தொகுப்பு விற்க ஆசை வரும், வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் யாரிடமும் முன்பணம் வாங்காதீர்கள்.

சட்டமும் இதில் வாடிக்கையாளர் பக்கம் நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், முன்பணம் வாங்கிக்கொண்டு பின்னால் வழங்கும் தொடர் சேவைகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. வாடிக்கையாளர் இடையில் விலகினால் முழுப் பணத்தையும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது. 'எக்காரணத்துக்கும் பணம் திருப்பித் தரப்படாது' என்று உங்கள் பதிவுப் படிவத்தில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஒருவர் தொடுக்கலாம். அங்கே அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. கர்ப்பம், அறுவை சிகிச்சை, ஊர் மாற்றம் என்றால் தொகுப்பை நிறுத்திவைப்போம், மீதியைத் திருப்புவோம் என்று எழுதிவைத்தால் வாங்குபவர் தயங்காமல் வாங்குவார்.

ஆனால் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போவது வேறு விஷயம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் அந்த வகுப்பு கழிந்ததாகவே கொள்ளப்படும் என்பதில் உறுதியாக இருங்கள். காத்திருப்பவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் வைத்திருந்து, இடம் நிரம்பிவிட்டால் வராமல் போனவருக்குக் கழித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நியாயம் இரண்டு பக்கமும் தெரியும்.

சொந்தக்காரர்களுக்கு வருவோம். இது பணக் கணக்கு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்து வெள்ளி குறைக்காததற்கு, அடுத்த கல்யாண வீட்டில் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் அனுபவத்தில் பாதி விலைதான் உறவைக் கெடுக்கிறது. கொடுப்பவருக்கும் மனக்குறை, வாங்குபவருக்கும் முழு மரியாதை கிடைப்பதில்லை. மாதம் நான்கு இடங்களை அன்பளிப்பு என்று ஒதுக்குங்கள். அம்மாவுக்கோ சின்னம்மாவுக்கோ பிறந்தநாள் என்றால் காசே வாங்காமல் கூப்பிடுங்கள், மனமாரச் செய்யுங்கள். மற்றபடி எல்லோருக்கும் ஒரே விலை. "நிலையத்தில் விலை எல்லோருக்கும் ஒன்றுதான் சின்னம்மா, காலையில் வந்தால் குறைவு" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். விளக்கம் நீளும்போதுதான் பேரம் தொடங்குகிறது.

விலை நம் பெண்களைத் தடுக்கிறதே என்று வருந்தியிருந்தீர்கள். அந்த வருத்தத்தை ரிஃபார்மர் விலையைக் குறைத்துத் தீர்க்க முடியாது. அந்தக் கருவியின் செலவு அப்படி. ஆனால் ஜோசப் பிலாட்டீஸ் வகுத்த முறையில் 34 பயிற்சிகள் வெறும் விரிப்பில் செய்யக்கூடியவை. கோயில் மண்டபமோ குடியிருப்பின் பொது அறையோ கிடைத்தால், சனிக்கிழமை காலையில் பதினைந்து பேருக்கு ஆளுக்கு 12 ரிங்கிட் வாங்கி ஒரு விரிப்பு வகுப்பு நடத்தலாம். 180 ரிங்கிட் வரும்; ஆசிரியைக்கு 100 கொடுத்தாலும் இடத்துக்கும் விரிப்புகளுக்கும் மிஞ்சும். ஜெலுத்தோங்கிலும் குளுகோரிலும் நாள் முழுக்க நின்று வேலை செய்து இடுப்பு வலியோடு வீடு திரும்பும் பெண்களுக்கு இது எட்டும் விலை. புடவையோடு வரமுடியாது, சுடிதாரும் காலுறையும் போதும் என்பதை அறிவிப்பில் எழுதுங்கள். அதுகூடத் தெரியாமல் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் உதவி ஆசிரியைக்குக் கொடுக்கச் சொன்ன வகுப்பு இதுதான். மாதம் நான்கு சனிக்கிழமை என்றால் அவர் இழந்த 840-இல் 400 திரும்பிவிடும். அங்கே நன்றாகப் பழகியவர்களில் சிலர் ஒரு நாள் ரிஃபார்மருக்கும் வருவார்கள். வராவிட்டாலும் குறையில்லை.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வரி. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு 8 விழுக்காடு. உங்கள் ஆண்டு வரவு ஏறக்குறைய 125,000 ரிங்கிட். பதிவுக்கான வரம்பிலிருந்து நீங்கள் வெகு தொலைவில் இருக்கிறீர்கள். அதனால் விலைக்கு மேல் எந்த வரியையும் சேர்த்து வாங்காதீர்கள். வாடகைமீதான சேவை வரியில் சிறு வாடகைதாரர்களுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்காரர் கேட்டால் உங்கள் கணக்காளரிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பழைய வாடிக்கையாளர்களிடம் எப்படிச் சொல்வது? நோன்புப் பெருநாளுக்கு முன்போ தீபாவளிக்கு முன்போ வேண்டாம். வருகை சீராக இருக்கும் மாதம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆறு வாரத்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் ஒருவர் முணுமுணுப்பு பத்துப் பேருடையதாகிவிடும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். அடுத்த மாதம் 15-ஆம் தேதி முதல் பத்து வகுப்புத் தொகுப்பு 460 ரிங்கிட். இப்போது உங்களிடம் மீதமுள்ள வகுப்புகள் அப்படியே செல்லும். அதற்கு முன் ஒரு தொகுப்பைப் பழைய விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். காலை வகுப்புகளுக்குக் குறைந்த விலைத் தொகுப்பும் உண்டு. ஒரு வகுப்பில் ஐந்து பேர் மட்டும் என்பது மாறாது. தொடர்ந்து வருவதற்கு நன்றி."

வாடகை ஏறியது, மின்கட்டணம் ஏறியது என்று காரணம் அடுக்கவேண்டாம். மன்னிப்பும் கேட்கவேண்டாம். பழைய விலைக்கு ஒரு தொகுப்பு என்பதால் அந்த மாதம் நிறையப் பணம் வரும். அதைத் தொடாமல் இரண்டாவது கணக்கில் போட்டுவிடுங்கள்.

புது விலை வந்து மூன்று மாதம் ஆனதும் மூன்று எண்களை எனக்கு அனுப்புங்கள்: மாதம் விற்ற இடங்கள், ஓர் இடத்துக்குச் சராசரியாக வந்த பணம், நீங்கள் எடுத்துக்கொண்ட சம்பளம். மூன்றாவது எண் 4,500-ஐத் தொடவில்லையென்றால் காலை வகுப்புகளில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று அப்போது சேர்ந்து முடிவு செய்வோம்.